டைட்டா இருக்கு சார்!

‘கொஞ்சம் டைட்டா இருக்கு சார், பார்த்துக்கலாம்.’

சென்னை ஐ.டி. அலுவலகங்களிலும் திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலும் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளிலும் தினம் புழங்கும் வாக்கியம் இது. சொல்பவர் மனதில் இருப்பது, ‘வெள்ளிக்கிழமைக்குள் முடியவே முடியாது.’ மேலாளர் காதில் விழுவது, ‘கஷ்டப்பட்டாவது முடித்துவிடுவார்கள்.’ வெள்ளி மாலை இருவருக்கும் கோபம் வரும். ‘அன்னைக்கே சொன்னேனே’ என்பார் ஒருவர். ‘எப்போ சொன்னே?’ என்பார் மற்றவர். இருவருமே பொய் சொல்லவில்லை.

1990 ஜனவரி 25 இரவு நியூயார்க்கின் வானத்தில் நடந்ததும் இதுதான். கொலம்பியாவிலிருந்து வந்த ஏவியங்கா 52 விமானம் கென்னடி விமான நிலையத்தில் இறங்க வேண்டும். வானிலை மோசம், இறங்க வரிசை நீளம். மூன்று இடங்களில் மொத்தம் 1 மணி 17 நிமிடம் அந்த விமானத்தை வட்டமடிக்க வைத்தார்கள். எரிபொருள் கரைந்துகொண்டே வந்தது. துணை விமானி கட்டுப்பாட்டு அறையிடம் முன்னுரிமை வேண்டும் என்று கேட்டார். இறங்கும் முதல் முயற்சி தோற்ற பிறகு, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னார். ‘எமர்ஜென்சி’ என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. எமர்ஜென்சி என்று சொல்லும்படி கேப்டன் பக்கத்திலிருந்து சொல்லியும் வரவில்லை. கட்டுப்பாட்டாளர்களின் நடைமுறையில் அந்தச் சொல்லுக்குத்தான் மற்ற எல்லா விமானங்களையும் ஒதுக்கிவிட்டு வழிவிடும் வலு உண்டு. லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற ஊரின் சரிவில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எரிவதற்கு எரிபொருளே மிஞ்சாததால் தீப்பிடிக்கவில்லை.

துணை விமானி சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னார், ஆனால் போய்ச் சேரவில்லை. வேலையிடத்துப் பேச்சைப் பற்றி ஒருவர் கற்க வேண்டியதில் பாதி இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

நம் ஊரில் ‘கம்யூனிகேஷன் ஸ்கில்’ என்றால் உடனே ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்கிறோம். பிறகு கைகுலுக்கல், கண்ணைப் பார்த்துப் பேசுதல், பவர்பாயின்ட். பயிற்சி வகுப்புகளில் ஒரு ஸ்லைடு தவறாமல் வரும்: பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம், குரலின் பங்கு 38, உடல்மொழியின் பங்கு 55 என்று. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. அங்கே சோதித்தது ஒற்றைச் சொற்களை. ஒரு சொல்லை வெவ்வேறு தொனியில் சொல்லி, முகப் படங்களைக் காட்டி, சொல்பவருக்குக் கேட்பவர்மேல் விருப்பமா வெறுப்பா என்று கேட்டார்கள். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தும் என்று மெஹ்ராபியன் சொல்லவில்லை, பொருந்தாது என்றே பிற்பாடு எழுதினார். சொற்களுக்கு 7 சதவீதம்தான் என்றால் தெரியாத மொழிப் படத்தைச் சப்டைட்டில் இல்லாமலே 93 சதவீதம் புரிந்துகொள்ளலாமே! அடுத்த முறை அந்த ஸ்லைடு வந்தால் தைரியமாக டீ குடிக்கப் போகலாம்.

‘ஓகே’ என்பது பதில் இல்லை

சொன்னது சேர்ந்துவிட்டது என்று நாம் ஏன் இவ்வளவு எளிதாக நம்புகிறோம்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி 1990இல் ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவரின் தலைக்குள் இசை முழுதாக ஓடுகிறது. கேட்பவருக்குக் கிடைப்பது டொக் டொக் மட்டும். புதிதாகச் சேர்ந்தவரிடம் வேலையை விளக்கும் சீனியருக்கு நடப்பதும் இதுவே. ‘இது கூடவா புரியலை?’ என்ற எரிச்சல் அங்கேதான் பிறக்கிறது.

இதற்கு விமானத் துறை ஒரு மருந்து வைத்திருக்கிறது. அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில், மூடுபனிக்குள் ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் இருந்தன. கே.எல்.எம். விமானம், தான் கிளம்புவதைத் தெளிவில்லாத ஒரு வாக்கியத்தில் தெரிவித்தது. கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்று ஆரம்பித்து, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றும் சேர்த்தார். அதே நொடியில் பான் ஆம் விமானமும் பேசியதால் இரண்டு ஒலிபரப்பும் மோதி இரைச்சலானது. கே.எல்.எம். விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது அந்த ‘ஓகே’ மட்டும்தான். அவர்களின் ஃபிளைட் இன்ஜினியருக்கு மட்டும் சந்தேகம், பான் ஆம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று. கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னதும் அடங்கிவிட்டார். 583 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு விதிகள் இறுகின. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை அந்த அனுமதியைக் கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’. முக்கியமான கட்டளைக்கு ‘ஓகே’, ‘ரோஜர்’ என்று பதில் சொல்லிவிட்டுப் போக முடியாது. கேட்டதை விமானி திரும்பச் சொல்ல வேண்டும். அதில் பிழை இருந்தால் கட்டுப்பாட்டாளர் அங்கேயே திருத்த வேண்டும்.

நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஓடுவது கட்டைவிரல். ‘பார்த்தேன்’, ‘புரிந்தது’, ‘செய்கிறேன்’, ‘ஆளை விடு’ என்று நான்கு அர்த்தமும் அந்த ஒரே விரலுக்கு உண்டு. எண்ணிக்கை, தேதி, பொறுப்பாளர் பெயர் ஆகிய மூன்றில் ஒன்று இருக்கும் செய்திக்குக் கட்டைவிரலைப் பதிலாக ஏற்காதீர்கள். நீங்கள் கேட்பவராக இருந்தால் யாரும் கேட்காமலே திரும்பச் சொல்லுங்கள்: ‘அப்போ நேவி ப்ளூ 400 பீஸ், வியாழக்கிழமை மதியத்துக்குள்ள, செக்கிங் நம்ம பொறுப்பு. சரிதானுங்களா?’ ஐந்து நொடி வேலை. ஒரு லாட்டே தப்பான கலரில் தைக்கப்படாமல் தப்பிக்கும்.

நீங்கள் சொல்பவராக இருந்தால் ‘புரிஞ்சுதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் சொல்லும் துணிச்சல் நம் வகுப்பறைகளில் யாருக்கும் வளர்க்கப்படவில்லை. ‘நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும், நீங்க எதுலேர்ந்து ஆரம்பிக்கப் போறீங்க?’ என்று கேளுங்கள். சோதனை உங்கள் பேச்சுக்குத்தான் என்று தெரிந்தால் எதிராளி கூச்சப்பட மாட்டார்.

மேலே இருப்பவரிடம் மறுத்துப் பேசுவது

இதுதான் கஷ்டமான பாடம். பெரியவர்கள் முன்னால் குரலைத் தாழ்த்துவது நம் வீட்டு வளர்ப்பு. அதில் தப்பில்லை. குரலோடு சேர்த்துச் செய்தியையும் தாழ்த்திவிடுகிறோமே, அதுதான் தப்பு. அமெரிக்கர்கள் இதில் கெட்டிக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். 1978 டிசம்பரில் போர்ட்லண்ட் நகரின் மேல் யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.8 விமானம் ஒன்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றியது. சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்தில் கேப்டன் மூழ்கிவிட்டார். எரிபொருள் குறைவதை காக்பிட்டில் இருந்த மற்ற இருவரும் சொன்னார்கள், ஆனால் அவரை உலுக்கும்படி சொல்லவில்லை. என்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. 10 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் நாசா 1979இல் ஒரு பயிலரங்கு கூட்டியது. காக்பிட்டில் எப்படிப் பேசுவது, எப்படி மறுப்பது, எப்படிக் கேட்பது என்பதை ஓட்டுவதைப்போலவே பயிற்சியாகக் கொடுக்கும் முறை அங்கிருந்து வளர்ந்தது. யுனைடெட் நிறுவனமே 1981இல் அதைத் தொடங்கியது.

அந்தப் பயிற்சியில் மறுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெயரையோ பதவியையோ சொல்லிக் கூப்பிட்டுக் கவனத்தைத் திருப்ப வேண்டும். அடுத்து, எனக்குக் கவலையாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிறகு கண்ணுக்குத் தெரியும் உண்மை, அதற்கு ஒரு மாற்று, கடைசியாக ஒப்புதல் கேட்கும் கேள்வி. திருப்பூர்த் தமிழில் அது இப்படி இருக்கும்:

‘அண்ணா, ஒரு நிமிசம். இந்த ஆர்டர் எனக்குக் கவலையா இருக்குங்ணா. துணி டையிங்ல இருந்து இன்னும் வரலை. நாளைக்கே வந்தாலும் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங்னு ஆறு நாள் வேணும். கப்பல் அஞ்சாம் நாள். பாதி பீஸை இதுல அனுப்பிட்டு மீதியை அடுத்த கப்பல்ல போடலாமான்னு பையர்கிட்ட இன்னைக்கே கேட்டுறலாமாங்ணா?’

இதில் மரியாதை எங்கேயும் குறையவில்லை. ‘அண்ணா’ இருக்கிறது, ‘ங்’ இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. ‘பாத்துக்கலாங்ணா’ என்று சொல்லியிருந்தால் எண் இருந்திருக்காது. பணிவைப் பேச்சின் தொனியில் வையுங்கள், செய்தியில் வைக்காதீர்கள். முதல் முறை காதில் ஏறாவிட்டால் இன்னும் நேரடியாக இரண்டாம் முறை சொல்லுங்கள். டெனரீஃபில் அந்த இன்ஜினியர் கேப்டனின் பதிலுக்குப் பிறகு மறுபடி கேட்கவில்லை.

இந்தப் பயிற்சி வெறும் சம்பிரதாயமா என்று கேட்பவர்களுக்கு 1989 ஜூலை 19. அதே யுனைடெட் நிறுவனத்தின் 232ஆம் விமானத்தில் வால் பகுதி என்ஜின் வெடித்து மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போயின. திருப்புவதற்கு எதுவும் இல்லை. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் தனக்கு எல்லாம் தெரியும் என்று உட்காரவில்லை. பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் டென்னி ஃபிட்ச்சை உள்ளே அழைத்து, என்ஜின் விசையைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்பும் வேலையை அவர் கையில் கொடுத்தார். அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் மோதி இறங்கியபோது 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லையென்றால் இது நடந்திருக்காது என்று ஹெய்ன்ஸ் தன் உரைகளில் சொல்லிவந்தார்.

காரணம் சொல்லத் தெரிய வேண்டும்

தர்க்கம் என்றால் மேலைநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் மணிமேகலையின் 29ஆம் காதையைப் புரட்டலாம். பௌத்தத் துறவி அறவண அடிகள் அங்கே நடத்துவது வாதம் செய்வது எப்படி என்ற பாடம். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புகள். அந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிவது ஏது. சமையலறை திட்டாந்தம். அங்கே புகை இருந்தால் நெருப்பு இருந்ததைப் பார்த்திருக்கிறோம். இந்த மலையிலும் புகை இருக்கிறது என்று பொருத்துவது உபநயம், ஆகவே நெருப்பு உண்டு என்று முடிப்பது நிகமனம்.

உங்கள் அடுத்த மெயிலை இப்படி எழுதிப் பாருங்கள். ‘ரிலீஸை இரண்டு நாள் தள்ள வேண்டும். டெஸ்டிங் சர்வர் இன்னும் கைக்கு வரவில்லை. போன மார்ச்சில் சர்வர் தாமதமாக வந்தும் தேதியை மாற்றாமல் விட்டோம், லைவில் பில்லிங் நின்றது. இப்போதும் அதே நிலை. ஆகவே புதனுக்குப் பதில் வெள்ளி.’ ஐந்து வாக்கியம். மேலாளர் இதை மறுக்க வேண்டுமானால் ஐந்தில் எதை மறுக்கிறார் என்று சொல்லியாக வேண்டும். ‘டைட்டா இருக்கு’ என்பதை மறுக்க அவருக்கு ஒரு சிரிப்பே போதும்.

அதே காதை போலிகளையும் வகைப்படுத்துகிறது. ஏதுப்போலி என்று ஒன்று உண்டு, காரணம்போல் தெரியும் ஆனால் காரணம் ஆகாது. அலுவலகத்தில் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சம்பள உயர்வுப் பேச்சு. ‘பத்து வருஷமா இங்கேயே இருக்கேன்’, ‘வீட்டு லோன் இருக்கு’, ‘அவனுக்குக் கொடுத்தீங்களே’. மூன்றும் உண்மையாக இருக்கலாம், மூன்றும் நிறுவனம் உங்களுக்கு அதிகம் கொடுப்பதற்கான காரணம் ஆகாது. உங்களால் மிச்சமான செலவு, உங்களை நம்பி நிற்கும் வேலை, இதே வேலைக்கு வெளியே கிடைக்கும் சம்பளம், இவைதான் ஏது. மேலாளர் பக்கத்துப் போலிகளும் உண்டு. ‘இங்கே எப்பவுமே இப்படித்தான்’ என்பது அவற்றில் மூத்தது.

கேட்பது

அமெரிக்காவில் மருத்துவர்கள் நோயாளியோடு பேசுவதைப் பதிவு செய்து 1984இல் ஓர் ஆய்வு வெளியானது. நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கே புகுந்தார். நம் மீட்டிங்குகளில் இதை யாராவது அளந்தால் எண் இன்னும் சுருங்கும் என்பது என் சந்தேகம். ‘அதுக்கில்லீங்க...’ என்று தொடங்குபவர் எதற்கு இல்லை என்பதையே கேட்டிருக்க மாட்டார்.

கார்ல் ராஜர்ஸ் என்ற உளவியலாளர் 1950களின் தொடக்கத்தில் முன்வைத்த ஒரு விதி இன்றும் உதவும். விவாதம் சூடாகும்போது, எதிராளி சொன்னதை அவருக்குத் திருப்தி வரும்படி நீங்கள் திருப்பிச் சொல்லி முடித்த பிறகே உங்கள் கருத்தைச் சொல்லலாம். செய்து பாருங்கள், எளிதில்லை. முதல் முறை ‘நான் அப்படிச் சொல்லலையே’ என்பார். இரண்டாம் முறை நீங்கள் சரியாகச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இல்லை. ‘டிசைனை இனிமேல் மாற்றினால் உங்க டீம் மூணாவது முறையா வேலையைத் திரும்பச் செய்யணும், அதுதான் கோபம், சரியா?’ என்று சொல்வதில் டிசைனை மாற்றக் கூடாது என்ற ஒப்புதல் இல்லை.

இடையில் ஆள் வைத்துப் பேசுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். ‘அவர்கிட்ட சொல்லிடுங்க’ என்று கிளம்பும் செய்தி பாதியாகத்தான் போய்ச் சேரும்.

சண்டை வந்தால்

மேரி பார்க்கர் ஃபோலெட் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1925இல் ஒரு கட்டுரையில் சொன்ன சிறு நிகழ்ச்சி உண்டு. ஹார்வர்டு நூலகத்தின் சின்ன அறை ஒன்றில் ஒருவர் ஜன்னலைத் திறக்க விரும்பினார், ஃபோலெட் மூட விரும்பினார். பாதி திறந்து வைத்திருந்தால் இருவருக்கும் பாதி ஏமாற்றம். அவர்கள் ஆளில்லாத அடுத்த அறை ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குத் தேவைப்பட்டது காற்று, அந்த ஜன்னல் இல்லை. இவருக்கு வேண்டாமென்றிருந்தது நேராக மேலே படும் வாடைக்காற்று.

இதை எல்லா இடத்திலும் செய்ய முடியாது என்பதையும் ஃபோலெட்டே ஒப்புக்கொண்டார். ஒரு பதவி, இரண்டு பேர் என்றால் அடுத்த அறையில் ஜன்னல் கிடையாது. ஆனால் அலுவலகச் சண்டைகளில் பெரும்பாலானவை பதவிக்கானவை அல்ல. நேரம், யார் எதைச் செய்வது, யார் பெயர் மெயிலில் வரவில்லை, இவ்வளவுதான். ‘உங்களுக்கு என்ன வேணும்?’ என்று கேட்டால் ஜன்னல் என்பார்கள். ‘அது கிடைச்சா உங்களுக்கு என்ன ஆகும்?’ என்று கேளுங்கள், காற்று என்பார்கள். இரவு ஷிப்ட் வேண்டாம் என்று சண்டை போடும் பெண்ணுக்குப் பிரச்சினை இரவு வேலையா, அதிகாலையில் கம்பெனி பஸ் தெருமுனை வரை வராததா? கேட்காமல் தெரியாது.

மூன்று கறாரான விதிகள் மட்டும். கோபத்தை எழுத்தில் வைக்காதீர்கள், போனை எடுங்கள். குரூப்பில் ஒருவரைத் திருத்தாதீர்கள், தனியாகக் கூப்பிடுங்கள். ‘நீங்க எப்பவுமே’ என்று வாக்கியத்தைத் தொடங்காதீர்கள், நடந்த ஒரு நாளை மட்டும் பேசுங்கள்.

இவ்வளவும் கீழே இருப்பவருக்கான பாடமாகவே தெரிந்தால் அது என் பிழை இல்லை, நம் அலுவலகங்களின் அமைப்பு. நீங்கள் டீம் லீடரோ சூப்பர்வைசரோ என்றால் பெரிய பங்கு உங்களுடையது. அடுத்த கூட்டத்தில் ‘எல்லோருக்கும் ஓகேதானே?’ என்று முடிக்காமல், ‘இதுல எது தப்பாப் போகும்?’ என்று கேளுங்கள். கடைசியாகச் சேர்ந்தவரிடமிருந்து தொடங்குங்கள், உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் குறை சொன்னவர் சொன்னது தவறாகவே இருந்தாலும் அந்த இடத்தில் மடக்காதீர்கள், ‘இன்னும் சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். மற்ற எல்லோரும் அப்போது உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.